பெரியப்பாவுக்கு 90 போதும்

2025 பிப்ரவரி 8, சனி

விடியற்காலையில் பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறல். அவசரப் பிரிவு வாசலிலேயே பார்த்துவிட்டு மஞ்சள் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிவப்பு, உயிர் ஊசலாடுபவர்களுக்கு. பச்சை, உட்கார்ந்து காத்திருக்கக் கூடியவர்களுக்கு. நெபுலைசரில் வரும் மருந்துப் புகையை இழுத்த பிறகுதான் முழு வாக்கியமாகப் பேச வந்தது. சாயங்காலம் வார்டில் கட்டில் கிடைத்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று யாரும் பெரியப்பா முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மானிட்டரில். அவர் விரலில் மாட்டிய கிளிப் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உள்ளே செலுத்தி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று விழுக்காட்டில் கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களில் கண்ட வழி இது. 89, 90, மறுபடி 89.

அத்தை மகன் போனில் படித்துவிட்டு வந்து, "95க்குக் கீழே இறங்கவே கூடாதாம்" என்று சுவரிலுள்ள, ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கும் ஃபுளோ மீட்டர் திருகில் கை வைத்துவிட்டான். மிஸ்ஸி (நர்ஸ்) ஓடி வந்தார். "தம்பி, அதைத் தொடாதீங்க. ஐயாவுக்கு 88லேர்ந்து 92 வரைக்கும்தான்."

காரணத்தை டாக்டர் சொன்னார். சிகரெட்டில் கெட்டுப்போன நுரையீரல். கரியமில வாயுவை ஒழுங்காக வெளியே தள்ள அதனால் முடியாது. அப்படிப்பட்டவருக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் கரியமில வாயு இன்னும் ஏறி, ஆள் தூங்கி வழிந்து, மயக்கத்துக்கே போய்விடலாம். எண் மட்டும் 98 என்று அழகாக நிற்கும்! அந்த வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை இந்தக் கிளிப் காட்டாது. மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தது அதற்காகத்தான். பெரியப்பா அதற்கு விட்ட வசவை இங்கே எழுத முடியாது.

மாஸ்க்கும் சாதா மாஸ்க் இல்லை, வெஞ்சுரி. அடியில் செருகியிருக்கும் துண்டின் நிறத்தில் விஷயம் இருக்கிறது. நீலம் என்றால் 24 விழுக்காடு ஆக்சிஜன், வெள்ளை என்றால் 28. இவருக்கு வெள்ளை, நிமிடத்துக்கு 4 லிட்டர்.

ராத்திரி திடீரென்று 79 காட்டி அலாரம் கத்தியது. பெரியம்மா "முருகா" என்று எழுந்துவிட்டார். மிஸ்ஸி நிதானமாக வந்து, முதலில் பெரியப்பாவின் உதட்டையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்த்தார். ஏர்கோனில் விரல் சில்லிட்டிருந்தது. தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டினார். 90.

பிப்ரவரி 10, திங்கள்

தைப்பூச ரதம் புறப்படும் நாள். "தேங்கா உடைக்காம இங்க படுத்துக் கிடக்கேன்" என்று காலையிலிருந்தே முனகல். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் மாஸ்க்கைக் கழற்றி மூக்கில் நேசல் புரோங் என்ற சின்ன ஆக்சிஜன் குழாயை மாட்டினார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தினால்தான் வாய் கொள்ளும் அளவுக்குச் சாப்பிடுகிறார்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பாதி சாலை அடைப்பு. நடந்தே வந்தேன். பெரியப்பா நன்றாகப் பசியாறிவிட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ஆக்சிஜனோடு. உடம்பு தேறிய பிறகு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் நிரந்தரமாக வேண்டுமா என்று முடிவு செய்வார்களாம். வேண்டுமென்றால் தினமும் குறைந்தது 15 மணி நேரம்.

சிலிண்டர் வேண்டாமென்று கான்சென்ட்ரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக் காற்றையே இழுத்து, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கொடுக்கும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. அதனால் ஒரு சின்ன சிலிண்டரும் துணைக்கு.

சண்டை வந்தது சாமி மேடையால். பெரியப்பா படுக்கும் ஹாலில்தான் குத்துவிளக்கு, சாம்பிராணி, வெள்ளிக்கிழமைக் கற்பூரம் எல்லாம். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பே கூடாது. சட்டையிலும் போர்வையிலும் ஆக்சிஜன் தங்கியிருந்தால் ஒரு பொறி போதும். பெரியம்மா, "அறுபது வருஷமா எரியுற விளக்கு" என்று தொடங்கினார். பெரியப்பாவோ, "விளக்கை வேணா அடுப்படிக்குத் தூக்கு, டிவி இங்கயே இருக்கட்டும்" என்றார்.

கடைசியில் மேடை பின்கட்டு அறைக்குப் போனது. ஹாலில் மின்விளக்கு வைத்த ஒரு முருகன் படம். சிகரெட் பெட்டி எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.