எனக்குக் காய்ச்சல் வரலையே சார்

ஒரு மாணவனின் வருகைப் பதிவு 71 சதவீதம். 75 வேண்டும். 65-க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் வைத்து, அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். துறைத் தலைவனான என் வேலை கையெழுத்துப் போடுவது, அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு வருடமாக அந்த ஐந்து நிமிடம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அன்று காலைதான் பாரசீகத் தத்துவ அறிஞர் இப்னு சீனாவை நடத்தினேன். அவருடைய 'அஷ்-ஷிஃபா' நூலின் கடைசிப் பகுதி. மனிதன் தனியாக வாழ முடியாது. ஒருவன் ரொட்டி சுட வேண்டும், ஒருவன் துணி தைக்க வேண்டும், தைப்பவனுக்கு இன்னொருவன் ஊசி தர வேண்டும். கொடுக்கல் வாங்கல் வந்துவிட்டால் நீதியும் சட்டமும் வேண்டும். ஆளாளுக்கு விட்டால், தனக்கு வர வேண்டியதை நியாயம் என்பான், தான் தர வேண்டியதை அநியாயம் என்பான். வகுப்பே சிரித்தது. மெஸ் பில் ஞாபகம் வந்திருக்கும்.

மதியம் அந்தப் பையன் வந்து நின்றான். ராத்திரி கேட்டரிங் வேலை, காலை வகுப்புக்கு எழுந்திருக்க முடியவில்லை. எதையும் மறைக்கவில்லை. "ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் கொண்டு வந்துடுப்பா" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான்.

"எனக்குக் காய்ச்சல் வரலையே சார்."

குரலில் திமிர் இல்லை. அப்புறம் மெதுவாக, "போன வாரம் அந்தச் செருப்புக் கதை சொன்னீங்களே" என்றான்.

சொல்லியிருந்தேன். 'பிதாயத்துல் முஜ்தஹித்' என்ற இஸ்லாமியச் சட்ட நூலில் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்த் சொல்வது: சட்டங்களை நிறைய மனப்பாடம் செய்தவனெல்லாம் சட்ட அறிஞன் ஆகிவிட மாட்டான். கடை நிறையச் செருப்பு வைத்திருப்பவன் செருப்புத் தைப்பவன் ஆகிவிடுவானா? எதுவுமே பொருந்தாத கால் ஒன்று ஒருநாள் வரும். அப்போது தைக்கத் தெரிந்தவனிடம்தான் போயாக வேண்டும். ஏட்டுப் பேச்சு என்று தள்ளவும் முடியாது. 1169-இல் ஸ்பெயினின் செவில் நகரத்தில் காஜியாக, அதாவது நீதிபதியாக, உட்கார்ந்தவர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வேற, இது வேற."

எது வேறு? துறைத் தலைவனுக்குச் செருப்புத் தைக்கும் அதிகாரம் கிடையாது. இப்னு ருஷ்தும் சட்டத்தின் மூலங்களிலிருந்து அளவெடுத்துத் தைக்கத்தான் சொன்னார், இரக்கப்பட்டு அல்ல. இவனுக்கு விட்டால் நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள். சரியான வாதம்தான். ஆனால் அந்த நாற்பது பேரும் வராத காய்ச்சலுக்குச் சான்றிதழ் நீட்டினால் போட்டுக்கொடுத்திருப்பேனே. அப்படியென்றால் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? உள்ளதை உள்ளபடி எழுதி முதல்வருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது.

நான்கு நாள் கழித்துக் கொண்டு வந்தான். வைரல் காய்ச்சல், பத்து நாள் ஓய்வு. டாக்டர் முத்திரை சாய்ந்து விழுந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். தேர்வு எழுதினான், யாருக்கும் நஷ்டமில்லை.

தேர்வுக்கு முன் கடைசி வகுப்பில் இப்னு துஃபைல் எழுதிய தத்துவக் கதை. தீவில் தனியாக வளர்ந்து, சொந்த அறிவாலேயே உண்மையைக் கண்ட ஹய், ஊருக்கு வந்து எடுத்துச் சொல்லிப் பார்க்கிறான். ஏறவில்லை. கடைசியில் அவனே மன்னிப்புக் கேட்டு, உங்கள் சட்டத்தையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தீவுக்குத் திரும்பிவிடுகிறான். கேள்வி வரும் என்று அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். பையன் தலைகுனிந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். அதுவரை அவன் குறிப்பு எடுத்து நான் பார்த்ததில்லை.