டிரிப் கணக்கும் பகல் தூக்கமும்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து நர்சிங் படிக்கப் போயிருக்கும் தங்கச்சிகளே, வார்டில் நெஞ்சு படபடப்பது பெரும்பாலும் டிரிப் கணக்கில்தான், அதாவது நரம்பில் ஏற்றும் மருந்து நீர் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழணும் என்ற கணக்கில். 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் (டிரிப் குழாய்) என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி, 4 மணி நேரத்தின் 240 நிமிடத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு 42 சொட்டு. வாட்சைப் பார்த்து எண்ணினால் 15 நொடியில் பத்து, பதினொன்று விழணும். மணியை நிமிடமாக்க மறப்பதில்தான் பிழை வரும். சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட்டுக்கு மில்லிக்கு 60 சொட்டு. செட்டின் உறையைப் படிக்காமல் தொடாதீர்கள். தினம் ஐந்து கணக்கு போடுங்கள், பயம் தானாக விலகும்.

நைட் முடிந்து வந்தால் ஜன்னலைக் கெட்டித் துணியால் மூடிப் படுங்கள். நம்ம கடற்கரை வெயில் காலை ஏழுக்கே கண்ணைக் குத்தும். விடியற்காலை டீதான் பகல் தூக்கத்தின் எதிரி.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லையா? 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்மா.