செட்சே பக்கம் நண்டுக்குப் போகிறவர்களுக்கு

பர்மாவின் மோல்மீன் சந்தையில் நண்டு வாங்குவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. விலையும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. நல்ல கனமான ஆண் நண்டெல்லாம் கொடுக்கைக் கட்டி உயிரோடு சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது ஒற்றைக் கொடுக்கு நண்டும், கையில் எடுத்தால் கனமே இல்லாத நண்டும்தான், அதையும் சேறோடு சேர்த்து விசை என்ற பர்மிய எடைக் கணக்கில் நிறுத்துக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் லீவு கிடைத்தால் நானும் மச்சானும் பைக்கை எடுத்துக்கொண்டு தன்பியூசயாட் ஊர் வழியாகச் செட்சே கடற்கரைப் பக்கம் போய்விடுகிறோம்.

செட்சே என்றதும் கடற்கரையில் தேடாதீர்கள். அந்தக் கரை அவ்வளவு மட்டம், தண்ணீர் வற்றினால் கடல் எங்கே என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். அங்கே கால் நனைத்துப் பொரித்த இறால் தின்னலாம், நண்டு கிடைக்காது. நமக்கு வேண்டிய சேற்று நண்டு அலையாத்தி மரமும் நீப்பா பனையும் அடர்ந்த கழிகளுக்குள், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் சேற்று ஓடைகளுக்குள், வளை தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் வற்றியிருக்கும்போது வெளியே தலை காட்டாது, கடல் வெள்ளம் ஏற ஆரம்பித்ததும்தான் இரை தேடிக் கிளம்பும். ஆகவே நண்டு பிடிக்கிறவனுக்குக் கடிகாரத்தைவிட ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, முக்கியம்.

இந்தப் பக்கத்து மொட்டமா வளைகுடாவில் ஓதம் விளையாட்டு இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் ஆறு மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும் இடம் இது, சிட்டாங் ஆற்று வாயில் அது சுவர் மாதிரி எழும்பி உள்ளே ஓடும். அந்த நாட்களில் கழிக்குள் நீரோட்டம் பலமாக இருக்கும், கயிறு நிற்காது, இரை கரைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அஷ்டமி நவமிக்குப் போனால் நேர் எதிர், தண்ணீருக்கு உயிரே இருக்காது, நண்டும் சோம்பிக் கிடக்கும். எனக்குப் பிடித்தது பஞ்சமி, சஷ்டி. சுவரில் தொங்கும் பர்மியக் காலண்டரிலேயே வளர்பிறை தேய்பிறைக் கணக்கு இருக்கிறது, தனியாகப் பஞ்சாங்கம் வேண்டாம். ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவில் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், காலையில் வெள்ளம் ஏறும் நாளைப் பார்த்துக் கிளம்பலாம். அந்தி சாய்ந்தபின் நண்டு இன்னும் நன்றாக நடமாடும் என்பது உண்மைதான், ஆனால் இந்தக் காலத்தில் இருட்டில் கழிக்குள் இருக்க யாரும் விரும்புவதில்லை.

மூங்கில் கூடு வைப்பதெல்லாம் பிழைப்புக்குப் பிடிக்கிறவர்கள் வேலை. அவர்கள் வைத்துவிட்டு அடுத்த வற்றத்துக்கு வந்து தூக்குவார்கள். பொழுதுபோக்குக்குப் போகிற நமக்குக் கயிறுதான் சுகம். நைலான் கயிற்றின் நுனியில் ஒரு துண்டு விலாங்கு, கூடவே ஒரு கல், அவ்வளவுதான். விலாங்குக்குத் தோல் கெட்டி, நண்டு பிய்க்கப் பிய்க்கத் தாங்கும். கோழிக்குடல் மலிவு என்று எடுத்துப் போகாதீர்கள், ஐந்து நிமிடத்தில் சின்ன மீன்களே தின்று முடித்துவிடும்.

கயிறு லேசாக இறுகும். உடனே வெடுக்கென்று இழுத்தால் போச்சு. நண்டு தூண்டில் மீன் இல்லை, முள்ளில் மாட்டிக்கொள்வதில்லை, வெறும் பேராசையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது இழுக்கும்போது விட்டுக்கொடுத்து, சும்மா இருக்கும்போது விரல் விரலாக மேலே கொண்டுவர வேண்டும். கலங்கல் தண்ணீரில் முதலில் தெரிவது கொடுக்கின் ஆரஞ்சு நிறம், அப்புறம்தான் பச்சை கலந்த பழுப்பு ஓடு. ஓட்டின் விளிம்பு தெரிந்ததும் கைப்பிடி வலையை அதற்குக் கீழே, பின்பக்கமாகக் கொடுக்க வேண்டும். முன்னால் கொடுத்தால் நிழலைப் பார்த்து விட்டுவிடும். மச்சான் எப்போதும் அவசரப்படுவார். படகுக்கார பாஜி, மோன் இனத்துக்காரர், இடுப்பில் கைலியை இறுக்கிக்கொண்டே, "நண்டுக்கு அவசரம் இல்லை, உனக்கு என்ன?" என்பார். மச்சானுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதாக உறைக்கும்.

பிடித்ததும் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடல் கூராக முக்கோணமாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கு அடியில் முட்டை தொங்கினால் பேச்சே இல்லை, தண்ணீரில் விடுங்கள், அதில் இருப்பது லட்சக்கணக்கில். அப்படிப்பட்டது கழிக்குள் கிடைப்பதும் அபூர்வம், முட்டையிடப் பெண் நண்டு கடலுக்குப் போய்விடும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகளையும் விட்டுவிடுவேன். பாஜிக்கு இது வேடிக்கை, அடுத்த வளைவில் வேறொருவன் பிடிக்கத்தானே போகிறான் என்பார். பிடிக்கட்டும்.

நிலாக் காலத்து நண்டு தண்ணீராக இருக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் நிலாவைப் பார்ப்பதில்லை, நண்டைப் பார்க்கிறேன். ஓடு கழற்றிய நண்டு தண்ணீரைக் குடித்து உப்பிப் பெரிதாகிவிடும், புது ஓட்டுக்குள் சதை நிரம்ப நாளாகும். அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான். ஓடு பளபளவென்று புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அழுக்காக, கீறல் விழுந்து, கொடுக்கில் பல் தேய்ந்து கிடக்கிறதே, அதுதான் சதைப்பிடிப்பான நண்டு.

மழைக்காலத்தில் போக வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் கொட்டிக் கழியில் உப்பு குறைந்துவிடும், நண்டு கடல் பக்கம் நகர்ந்துவிடும், நமக்கு அட்டையும் சளியும்தான் மிச்சம். கார்த்திகை முதல் மாசி வரை அருமை. வெள்ளம் முழுக்க ஏறி நின்று, திரும்புவதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது. அப்போது நண்டும் கடிக்காது. படகை மரத்தில் கட்டிவிட்டு, தூக்குப்பாத்திரத்துச் சோற்றைப் பிரித்து, பாஜி கொண்டுவந்த பலாச்சாங்கோடு, அதுதான் காய்ந்த இறாலைப் பொரித்துச் செய்யும் தொக்கு, சாப்பிடுவோம். யாருக்கும் போன் சிக்னல் கிடைக்காது. இதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம் என்று மச்சானிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், நண்டுக்காக என்பார்.

கொண்டுவரும்போது நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், வாளித் தண்ணீரில் போட்டு மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்த நண்டைச் சமைக்கவே சமைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அக்கா மிளகு, பூண்டு, காய்ந்த மிளகாய் இடித்துப்போட்டு, புளிக்குப் பதில் ஒரு கட்டு புளிச்சகீரையை வதக்கிச் சேர்ப்பாள். கீரை கரைந்து நண்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், குழம்பு தெரியக் கூடாது. தேங்காய்ப்பால் ஊற்றுகிறவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும், அவர்கள் வீட்டு நண்டு, அவர்கள் பாடு.