இருபது கிராம் குருவிக்கு ஒரு ரேடார்

தகைவிலான் குருவியை எடைபோட்டால் இருபது கிராம் தேறும். ஒன்றிரண்டு என்றால் விமானம் கண்டுகொள்ளாது. லட்சக்கணக்கில் வந்தால்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே மவுண்ட் மோர்லாந்து என்ற சின்ன ஊர். அங்கே ஒரு நாணல் காடு. ஐரோப்பாவில் குளிர் தொடங்கியதும் கிளம்பி வரும் தகைவிலான்களுக்கு ராத்தங்கல் அதில்தான். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்பு, மே மாதம், கிங் ஷாகா விமான நிலையத்தைத் திறந்தார்கள். எங்கே என்கிறீர்கள்? பக்கத்திலேயே! விமானம் வந்து இறங்கும் பாதையில் நாணல்.

நாணலையே அழித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. பறவை ஆர்வலர்கள் விடவில்லை. கடைசியில் பறவை ரேடார் வந்தது.

சாதாரண ரேடாரிலும் பறவை புள்ளியாக விழும். ஆனால் வேண்டாத குப்பை என்று வடிகட்டிவிடுவார்கள். (இரண்டாம் உலகப் போரில் இந்தப் புள்ளிகள் என்னவென்று புரியாமல் ‘தேவதைகள்’ என்று பெயர் வைத்தார்கள்!) பறவை ரேடாருக்கு வேண்டியது அந்தக் குப்பைதான். கூட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று அது சொல்லும்.

பொழுது சாயும்போது குருவிக் கூட்டம் நாணலுக்கு மேலே புகை மாதிரி சுழலும். அப்புறம் சட்டென்று, கொட்டிவிட்ட மாதிரி உள்ளே இறங்கிவிடும். அரை மணி நேர ஆட்டம். கூட்டம் பாதையில் இருந்தால் அதுவரை விமானத்தைக் காக்க வைக்கலாம்.

போன மாதம் என் விமானமும் நாற்பது நிமிடம் தாமதம். யாரும் காரணம் சொல்லவில்லை. குருவிக்காக என்று சொல்லியிருந்தால் சத்தியமாக முணுமுணுத்திருக்க மாட்டேன்.