உங்களுக்காகத்தான் என்று சொன்னேன்

வங்கதேசத்தில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியைப் பார்த்துவிட்டு, அங்கே இனி ஆர்டர் வைக்க வேண்டாம் என்று வாங்குகிற கம்பெனிக்கு நான் ரிப்போர்ட்டில் எழுதியது சரிதான். இன்றைக்கு அதே கட்டடத்தைக் காட்டினாலும் அதையேதான் எழுதுவேன். கீழே கடைகள், நடுவில் தையல், மொட்டைமாடியில் ஜெனரேட்டர். அது ஓடும்போது படிக்கட்டுக் கைப்பிடியில் கை வைத்தால் அதிர்வு தெரியும். தூண்களை ஒட்டித் துணி ரோல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். டாக்கா பக்கத்துச் சாவர் என்ற ஊரில், ராணா பிளாசா என்ற கார்மென்ட்ஸ் கட்டடம் விழுந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2013 ஏப்ரல் 24, செத்தவர்கள் 1,134 பேர். முந்தின நாளே விரிசல் தெரிந்து, அங்கிருந்த வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது. கார்மென்ட்ஸ் ஆட்களை மட்டும் மறுநாள் காலையில் உள்ளே ஏற்றினார்கள். இதெல்லாம் தெரிந்தவன் வேறு என்ன எழுதுவான்?

கடைசி லாட்டைச் செக் பண்ணப் போனபோதுதான் ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த ஒரு பெண் கேட்டார். ரங்பூர் பக்கத்துக்காரர். என் அரைகுறை வங்காளத்துக்காக மெதுவாகவே பேசினார்.

"அடுத்த ஆர்டர் வராதாமே சார்?"

"இந்தக் கட்டடம் ஆபத்து அக்கா. உங்களுக்காகத்தான்."

"எங்களைக் கேட்டீங்களா?" என்றார். அப்புறம், "என் தங்கச்சி எட்டாவது படிக்கிறா. நான் பணம் அனுப்புற வரைக்கும்தான் படிப்பு. நின்னா கல்யாணம் பண்ணிடுவாங்க. கட்டடம் விழுமா விழாதா தெரியாது சார். இது தெரியும்."

நான் அடுத்த பீஸை எடுத்துத் தையலைப் பார்த்தேன்.

கேட்டிருக்க வேண்டுமா? கேட்டிருந்தால் வேலைதான் வேண்டும் என்றிருப்பார்கள். பசியில் இருப்பவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு ஆபத்தான கட்டடத்தில் உட்கார வைப்பது என்ன நியாயம்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன கணக்கில் பிழை எதுவும் இல்லை. அங்கே குறைந்தபட்சச் சம்பளம் அதுவரை மாதம் 3,000 டாக்கா. 2013 டிசம்பரில்தான் 5,300 ஆனது. குடும்பம் நடத்த அது பற்றாது. ஒரு தங்கையின் கல்யாணத்தைத் தள்ளிப்போடப் போதும். இதெல்லாம் முன்னேற்றமே இல்லை, சுரண்டல்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. முன்னேற்றம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ராணா பிளாசா இடிபாட்டுக்குள் கிடந்தவர்களில் எத்தனை பேர் இப்படி ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்களோ.

வங்கதேசத்துக்கு இது புதிதில்லை. 1993 வாக்கில், குழந்தைகள் தைத்த துணி வேண்டாம் என்று அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவே ஆகவில்லை. பயத்திலேயே சுமார் 50,000 பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பலர் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, கல் உடைக்கப் போனார்கள். பள்ளியில் சேர்க்கவும் உதவித்தொகை கொடுக்கவும் ஒப்பந்தம் போட்டது 1995-இல்தான்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு பிராண்டுகள் கையெழுத்துப் போட்ட அக்கார்டு என்ற பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இதற்கும் வழி எழுதியிருந்தார்கள். கட்டடத்தைச் சரிசெய்ய மூடினால் ஆறு மாதம் வரை சம்பளம் நிற்கக் கூடாது. ஆர்டர் போனதால் வேலை போனவர்களுக்குப் பாதுகாப்பான ஃபேக்டரியில் வேலை கிடைக்க முயற்சி எடுக்க வேண்டும். அதை எடுத்துக் காட்டி, ஆர்டர் மாறிப் போன காஜிபூர் ஃபேக்டரியில் இவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்று வாங்குகிற கம்பெனியில் கேட்டேன். அது அந்த ஃபேக்டரியின் விஷயம் என்றார்கள். புது ஃபேக்டரிக்கும் பீஸுக்குப் பழைய விலைதான். தூண் பலமாக இருப்பதற்கு வாங்குகிறவர் ஒரு சென்ட்கூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தது அந்த ஓவர்லாக் பெண். இதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கட்டடத்தைப் பற்றி எழுதியதை அல்ல.

அந்த யூனிட் சில மாதத்தில் மூடியது. இப்போதெல்லாம் ரிப்போர்ட்டில், ஆர்டரை நிறுத்தினால் இங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று சேர்த்து எழுதுகிறேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, குறிப்புப் பகுதியில்தான் எழுத வேண்டியிருக்கிறது. இதுவரை அந்த வரிக்கு யாரும் பதில் போட்டதில்லை.