பாட்டி கிளாஸ்

நேற்று இரவு, ஐந்து வருடத்துக்கு முன்பு நானே எழுதிய ஜாவா நிரலைத் திறந்தேன். பில்லில் ஜிஎஸ்டி போட ஒரு கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் நிரலையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம்), அது பண்புகளை வாரிசாகப் பெறும் ஒரு தாய் கிளாஸ், அதற்கும் மேலே ஒரு பாட்டி. அந்த 18 சதவீதம் எங்கே பெருக்கப்படுகிறது என்று பார்க்க ஆறு ஃபைல் தாவினேன்.

கடைசியில் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரே ஃபங்ஷன்: தொகையும் விகிதமும் உள்ளே, வரி வெளியே. வேறு எதையும் தொடாது. டெஸ்ட் எழுத இரண்டே நிமிடம். கணக்கு என்றால் எனக்கு இனி இப்படி ஃபங்ஷன்களாகவே எழுதும் ஃபங்ஷனல் பாணிதான். ஜாவாவே 2014இல், எட்டாம் பதிப்பில், லாம்டாவை, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனை, சேர்த்துக்கொண்டு இந்தப் பக்கம் சாய்ந்ததுதானே!

சரி, கிளாஸை அச்சாக வைத்து உருவாக்கும் ஆப்ஜெக்டுக்கு வேலையே இல்லையா? பட்டன், மெனு, விண்டோ என்று ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே வைத்துக்கொள்ளும் இடத்தில் அதுதான் வசதி. ஆப்ஜெக்ட் பாணிக்கு முன்னோடியான சிமுலா மொழி நார்வேயில் பிறந்ததே சிமுலேஷனுக்காக, அதாவது நிஜ உலக நடப்பைக் கணினியில் போலச் செய்து பார்க்கத்தான்.

மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்கு லூப் போட்டுச் சுற்றாதீர்கள். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்; எப்படி எடுப்பது என்பது டேட்டாபேஸின் தலைவலி.

ஃபைல் பெயர் மாற்றும் இருபது வரி ஸ்கிரிப்டா? மேலிருந்து கீழே எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.

அப்புறம், பாட்டியை இன்னும் டெலீட் பண்ணவில்லை. வேறு ஏதோ ஃபைலிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் போல.