மலையில் வள்ளம், கடற்கரையில் அதன் கடதாசி

நேற்றுப் பின்னேரம் வள்ளத்துக்குப் புதுப் பதிவு இலக்கம் எழுதி முடித்தாயிற்று. எழுதியவர் இலங்கை மலையகத்தில், எங்கள் மஸ்கெலியா டவுனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற அண்ணன். எட்டு மாதம், கடற்கரைக்கு நான்கு பயணம், ஒரு சத்தியக் கடதாசி, இத்தாலியிலிருந்து ஒரு கூரியர். இவ்வளவும் 18 அடி பைபர் வள்ளம் ஒன்றுக்கு. இங்குள்ள மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்க வள்ளம் விட யோசிக்கிற யாராவது இருந்தால், இதை வாசித்துவிட்டு முற்காசு கொடுங்கள்.

"தேயில கிள்ளுற ஊருல உனக்கு எதுக்குடா போட்டு?" என்று அப்பா முதல் நாளே கேட்டார். அப்போது சிரித்தேன்.

வாங்கியது ஆகஸ்ட்டில், மேற்குக் கரையில் ஒரு ஊரில். வள்ளம் நல்ல வள்ளம், விற்ற சம்மாட்டியும் (வள்ளக்காரர்) நல்ல மனுசன். முன்பக்கத்தை மூக்கு என்று சொன்ன என்னை, "தம்பி, அது அணியம்" என்று திருத்தி, தேத்தண்ணி வாங்கித் தந்து, லொறியில் ஏற்றியும் விட்டார். கித்துள்கலை தாண்டி கினிகத்தேனை வளைவுகளில் லொறிக்கு வெளியே நாலடி நீட்டிக்கொண்டு நின்ற வள்ளத்தைப் பார்த்து பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தது வேறு கதை.

பிழை எங்கே நடந்தது என்றால், அணியத்தில் ஏற்கெனவே ஓர் இலக்கம் இருந்தது. முன்னால் வள்ளத்தின் வகையைக் காட்டும் எழுத்து, நடுவில் எண், கடைசியில் மூன்று எழுத்து. பதிவான வள்ளம்தானே, மோட்டார் சைக்கிளுக்குப் போல பெயரை மாற்றினால் போதும் என்று நம்பிவிட்டேன். அந்தக் கடைசி மூன்று எழுத்துதான் மாவட்டம். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் இங்கே மலையில் இருக்கும் மீன்பிடி உத்தியோகத்தர்.

"பழைய மாவட்டத்துல இருந்து விடுவிச்சு லெட்டர் கொண்டு வாங்க. அதுவரைக்கும் இந்தப் போட்டு இங்க இல்ல."

"சேர், லயத்துக்குக் கீழ கெடக்குதே?"

"பேப்பர்ல கடல்லதான் கெடக்குது."

லயம் என்றால் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் வரிசை வீடு. அவர் கேலிக்குச் சொல்லவில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி வள்ளத்துக்குப் பதிவு வேண்டும். கைமாறினால் அதையும் பதிய வேண்டும். மீன் பிடிக்கிற உரிமம் தனி. பதிவு இருக்கிறது என்று வலையை எடுத்துக்கொண்டு இறங்க முடியாது. இதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

கரையோர அலுவலகத்துக்கு முதல் பயணம். விடிய மூன்றரைக்குக் கிளம்பி, மூன்று பஸ் மாறி, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், கையெழுத்து வைப்பவர் இறங்குதுறைக்குப் போய்விட்டார். எப்போது வருவார்? மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "ஹெட்ட எண்ட, மல்லி." நாளைக்கு வா தம்பி. நாளைக்கு வரவேண்டுமானால் நான் இன்றைக்கு எங்கே படுப்பது? போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போகவேண்டும், அதுவும் பொதுமக்கள் தினத்தில் போகவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அவசரத்தில் செய்யவில்லை, ஒரு நாள் சம்பளம் போயிற்று.

இரண்டாவது பயணத்தில் பைல் கிடைத்தது. கிளார்க் அம்மா பைலை என் பக்கம் திருப்பி, ஒரு பெயரில் விரலை வைத்தார். நான் காசு கொடுத்தவரின் பெயர் இல்லை, அவருடைய மூத்த அண்ணனின் பெயர். அண்ணன் இத்தாலிக்குப் போய்ப் பன்னிரண்டு வருசம். தம்பிதான் அந்த வள்ளத்தில் தொழில் செய்து, தம்பிதான் விற்றிருக்கிறார். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. வீட்டு வள்ளம், யார் பெயரில் இருந்தால் என்ன என்ற நினைப்பு. போனில் கேட்டபோது, "ஐயோ தம்பி, அது அண்ணன்ட பேர்லயா இன்னும் கெடக்குது?" என்று அவரே அதிர்ந்து போனார். விற்பவரின் அடையாள அட்டையையும் பதிவுச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் தேத்தண்ணி குடிப்பதில் செலவழித்தேன்.

மூன்றாவது பயணம் முழு முட்டாள்தனம். அண்ணன் எழுதிய சம்மதக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் எடுத்து, கலரில் பிரின்ட் அடித்துக் கொண்டு போனேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூலப்பிரதி, அதிலும் அங்குள்ள எங்கள் தூதரக அலுவலகத்தின் சீலோடு. கூரியர் வர ஆறு வாரம். நான்காவது தடவை சீலோடு போனேன். அடையாள அட்டையில் அண்ணனின் பெயர் ஒரு மாதிரி, பைலில் வேறு மாதிரி. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று தம்பிக்காரர் அங்கேயே ஒரு ஜே.பி.யைப் (சமாதான நீதவான்) பிடித்து சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார். சாயந்திரம் மூன்றே முக்காலுக்கு விடுவிப்புக் கடிதம் கையில். பஸ்ஸில் அதை பைக்குள் வைக்க மனமில்லாமல் அவிசாவளை வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன்.

இதற்கிடையில் வள்ளம் சும்மா கிடந்ததா? சும்மா கிடக்கிற வள்ளத்துக்குத்தான் வேலை அதிகம். எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். ஒரே இரவில் வள்ளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அடியில் இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டால் தானாக வடிந்துவிடும், நல்ல வழி. ஆனால் வள்ளத்தைத் தள்ளும் முன் அதைத் திரும்பப் பூட்டவேண்டும் என்பது என் மச்சானுக்கு நடுத்தண்ணீரில்தான் ஞாபகம் வந்தது. இப்போது அந்த மூடியை எஞ்சின் சாவியோடு ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம்.

லொறியில் வந்தபோது அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. பைபர் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, காயவிட்டு, மெட் துணியை (கண்ணாடி நார்த் துணி) வைத்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூச வேண்டியதுதான். கடற்கரையில் அரை மணித்தியாலத்தில் கல்லாகிவிடும் என்று சம்மாட்டி சொன்னார். மழைக்குப் பயந்து ஜனவரி வரை காத்திருந்து, ஒரு காலை ஏழு மணிக்குப் பூசினேன். மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். மத்தியானம் தொட்டேன், பாகு. மறுநாள் தொட்டேன், விரல் ஒட்டியது. மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு குளவியும் இரண்டு தேயிலை இலையும் அதில் நிரந்தரக் குடியிருப்பு. முழுவதையும் சுரண்டி எறிந்துவிட்டு, கோபத்தில் ஹார்டனரை இரட்டிப்பாக ஊற்றினேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் கோப்பை கையில் சுட்டது, புகைந்தது, அடி உருகிக் காலடியில் விழுந்தது. பூசிய கொஞ்சமும் இறுகின வேகத்தில் வெடித்துப் போனது.

மூன்றாவது தடவை சரி வந்தது. வெயில் ஏறிய பதினொரு மணிக்கு, ரெசின் டின்னைச் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, வெளியே எடுத்த பிறகு ஹார்டனர் கலந்தேன். நூறு பங்குக்கு இரண்டு பங்கு, அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் கட்டாயம் கேளுங்கள்: ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்.

எஞ்சினும் கடலிலேயே பழகினது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. இங்கே கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேல். காற்று ஐதாக இருப்பதால் எஞ்சினுக்குப் பத்தில் ஒரு பங்கு பலம் போய்விடும், எண்ணெய் மட்டும் பழைய அளவிலேயே இறங்கும். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. கார்புரேட்டரில் எண்ணெய் இறங்கும் துளையை, அதாவது ஜெட்டை, சின்னதாகப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்குத் திருப்பிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மறுநாள் குளிரில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். கியர் பெட்டியில் இருக்கும் துருக்காவல் கட்டி கடலுக்கான துத்தநாகமாக இருந்தால் நன்னீரில் பிரயோசனமில்லை, மெக்னீசியம் போடவேண்டும். இவ்வளவு காலமும் உப்பில்லாத தண்ணீரில் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நீர்த்தேக்கத்துக்கென்று தனி வியாதி ஒன்றும் உண்டு. 1969இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே அடியில் போனது. தண்ணீர் குறைந்தால் பழைய கோயில் மேலே வரும், ஊரே போய்ப் பார்க்கும், கும்பிடும். எனக்கு அந்தக் காலத்தில் கண்ணில் படுவது கோயிலை விட மரக்கட்டைகளும் சுவர்களும்தான். எஞ்சின் விசிறி அவற்றில் ஒன்றில் பட்டால் உள்ளே இருக்கும் சின்னப் பின் முறியும். முறியத்தான் அதை வைத்திருக்கிறார்கள், அது முறிவதால்தான் கியர் தப்புகிறது. சிலர் பின்னுக்குப் பதில் ஆணியை வெட்டிச் செருகுகிறார்கள். ஆணி முறியாது, கியர் முறியும். நான் எப்போதும் ஆறு பின் சட்டைப்பையில் வைத்திருப்பேன்.

கடிதம் வந்தபின் இங்கே படிவம் நிரப்பப் போனால் எஞ்சின் இலக்கம் கேட்டார்கள். தகடு உப்பரித்து, இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். புது எஞ்சின் வாங்கு என்றான் மச்சான். அதைவிட, எஞ்சினே இல்லை, துடுப்பு வள்ளம் என்று எழுதித் தப்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன். துடுப்புக்குப் பதிவு தேவையில்லை என்று நம் ஆட்கள் பலர் சொல்வார்கள். பொய். எஞ்சின் பூட்டாத பாரம்பரிய மீன்பிடி வள்ளங்களுக்கும் பதிவில் தனி வகையே இருக்கிறது, துடுப்பு போட்டாலும் அலைச்சல் ஒன்றுதான். கடைசியில் ஹட்டனில் ஒரு வயசான மெக்கானிக், "மேல் மூடியைக் கழட்டுங்க தம்பி" என்றார். எஞ்சின் தலையில், காசு அளவில் ஒரு வட்டத் தகடு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். முழு இலக்கமும் குத்தியிருந்தது! எல்லா எஞ்சினிலும் இருக்காதாம், என் நல்ல காலம். கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, அவருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். தமிழ்ப் படிவம் கேட்பது என் உரிமை, வரும்வரை இருக்கிறேன் என்று வாங்கில் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் அலுமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு கட்டு வந்தது, தூசியோடு. கேளுங்கள், இருக்கும். லயத்து விலாசத்துக்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்) சான்றிதழ், தோட்டத்துக் கரையில் வள்ளம் நிறுத்த தோட்ட நிர்வாகியான துரையின் கடிதம், இரண்டும் பிரச்சினை இல்லாமல் கிடைத்தன.

பரிசோதனை மார்ச்சில். தண்ணீர் இறங்கி, கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவே ஐம்பது அடி சேறு. வந்த இளம் உத்தியோகத்தர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காற்சட்டையை மடித்து நடந்தார். மச்சான் அவருக்கு முன்னால் பலகை போட்டுக்கொண்டே போனான். நீளம் அளந்தார், எஞ்சின் இலக்கத்தை என் பென்சில் தேய்ப்போடு ஒப்பிட்டார், உயிர்காப்பு அங்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து ஒன்றை ஒதுக்கினார். "கிண்ணியா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கவிழ்ந்த படகு. யாருக்கு மறக்கும்? மீன்பிடிப் பதிவை வைத்துக்கொண்டு காசுக்கு ஆள் ஏற்றக்கூடாது, அது வேறு அனுமதி என்று இரண்டு தடவை சொன்னார். சிவனொளிபாதமலை சீசனில் வருகிறவர்களை ஒரு சுற்றுக் கூட்டிப் போகலாம் என்று மச்சான் போட்டிருந்த கணக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்தது. எட்டு மாதத்தில் எனக்கு வேலையை வேலையாகச் செய்து காட்டிய உத்தியோகத்தர் இந்தத் தம்பிதான். காலில் ஏறியிருந்த அட்டையைக்கூட கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் பிடுங்கி எறிந்தார்.

பழைய இலக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, மேலே வெள்ளை அடித்து, புதியதை எழுதினோம். இன்று காலை போய்ப் பார்த்தேன். சாய்ந்த வெயிலில் வெள்ளைக்கு அடியிலிருந்து அந்தக் கடற்கரை எழுத்து மூன்றும் மங்கலாகத் தெரிகின்றன. இன்னும் ஒரு பூச்சு வேண்டும் என்கிறார் பெயர்ப்பலகை அண்ணன். ஏப்ரல் மழை பின்னேரம் தவறாமல் வருகிறது. நாளைக்குப் பத்து மணிக்குள் வெயில் அடித்தால் பூசிவிடுவோம்.